தாடி தேய்ந்த காசு

சிகரெட் பெட்டிக்குள் வைத்து வரும் வெள்ளித்தாளில் ஒரு துண்டு என்னிடம் இருக்கிறது. ஒரு பழங்காசின் முகம் அதில் பதிந்திருக்கிறது. பதிந்திருந்தது என்று எழுதுவதுதான் சரி. காசின் மேல் தாளை விரித்து, தீக்குச்சியின் மருந்தில்லாத முனையால் பையப் பையத் தேய்த்து என் அத்தான் எடுத்த பதிவு அது. அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். அவர் எடுத்த அன்று முகத்தைச் சுற்றி விளிம்பில் இருபத்து நான்கு எழுத்துகள் இருந்தன, நானே எண்ணினேன். நேற்று பூதக்கண்ணாடியை வைத்து மறுபடி எண்ணியபோது நான்குதான் தேறின. மற்றவை தாளோடு தாளாகப் படுத்துவிட்டன. ஏலக்காய்க் கடையில் தரம் பிரித்துப் பிரித்து வளர்ந்த கைக்கு எதைக் கண்டாலும் எண்ண வேண்டும். காலையில் விழுங்கும் மாத்திரைகளை எண்ணுகிறேன், மாடிப்படிகளை எண்ணுகிறேன், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் என் வயதுக்காரர்கள் எத்தனை பேர் மிஞ்சியிருக்கிறார்கள் என்று எண்ணுகிறேன். எந்தக் கணக்கும் கூடுவதில்லை.

அத்தான் கத்தோலிக்கச் சாமியாராகப் போவதற்காகச் சின்ன வயதிலேயே குருமடத்தில் சேர்க்கப்பட்டவர். அங்கே லத்தீனும் கிரேக்கமும் கற்றுக்கொடுத்தார்கள். வேதத்தைப் படிப்பதற்காகக் கொடுத்த அந்தச் சாவியைக் கொண்டு அவர் வேறொரு வீட்டைத் திறந்துவிட்டார். கிறிஸ்து பிறப்பதற்கு முன்பு அந்த மொழிகளில் எழுதப்பட்ட நாடகங்கள், யுத்தக் கதைகள், ஒப்பாரிகள், அந்த மக்கள் செதுக்கிய பளிங்குச் சிலைகள், இவற்றில் அவருடைய மனம் போய் நின்றது. குருப்பட்டம் வாங்காமலே குருமடத்திலிருந்து வெளியேறி, வடக்கே ஒரு கல்லூரியில் லத்தீன் விரிவுரையாளர் ஆனார். அந்தக் காலத்தில் பூசை முழுவதும் லத்தீனில்தான் நடக்கும். சனங்களுக்கு ஒரு வார்த்தையும் புரியாது. என் அம்மா அக்காவுக்கு அவரை விரும்பிக் கேட்டதே அதனால்தான். "ஏலத்தோட்டம் வச்சிருக்க மாப்ள போடியில தெருவுக்கு நாலு பேரு கெடப்பான். பூசை பாஷை தெரிஞ்ச மாப்ள எவளுக்குக் கிடைக்கும்?" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். அப்பா அப்போதே இறந்துவிட்டார். கடையை நான் பார்த்துக்கொண்டேன். வீட்டில் அம்மா வைத்ததுதான் சட்டம்.

கல்யாணமான முதல் ஞாயிறு, பூசை முடிந்து வெளியே வந்ததும் அம்மா எல்லாருக்கும் கேட்கும்படி, "இன்னைக்குச் சாமி என்ன சொன்னாரு மாப்ள?" என்று கேட்டார். அத்தான் சற்றுத் தயங்கினார். அவருடைய தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. "நடுவுல ஒரு வரியை விட்டுட்டாரு அத்தை," என்றார். அம்மாவுக்கு முகம் சுருங்கிப்போனது. "சாமியாருக்கு வயசாயிருச்சு. அதை ஏன் சொல்றீங்க?" என்று மெல்லக் கடிந்துகொண்டார். அத்தானுக்கு அது ஏன் தவறு என்று கடைசிவரை விளங்கவில்லை. விட்டுப்போன வரி ஒன்று இருந்தால் அதைச் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது. அவருடைய படிப்பின் குணமே அது. அவருடைய வாழ்க்கை கெட்டதும் அதனால்தான் என்று இத்தனை வருடம் கழித்தும் எனக்குத் தோன்றுகிறது.

விடுமுறைக்குப் போடிக்கு வரும்போது ஒரு தகரப்பெட்டி நிறையப் புத்தகங்கள் கொண்டுவருவார். அவற்றில் சிலைகளின் படங்கள் இருக்கும். கடைக்குப் பின்னால், ஏலக்காய் மூட்டைகளின் மேல் விரித்து வைத்துக்கொண்டு பார்ப்பார். பக்கத்துக் கடை ராவுத்தர் ஒருநாள் எட்டிப்பார்த்தார். "வாத்தியாரே, ஒருத்தனுக்கும் கையுமில்ல, மூக்குமில்ல. லோடு ஏத்தும்போது ஒடைச்சுப்புட்டானுகளோ?" என்றார். அத்தான் சிரித்துவிட்டு, அந்தக் கை எப்படி இருந்திருக்கும் என்று தன் கையை உயர்த்தி, விரல்களை வளைத்துக் காட்டினார். இல்லாத கையைக் காட்டும்போது அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் வேறு எப்போதும் கண்டதில்லை. ராவுத்தர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, "எல்லாம் சரி. செத்தவங்க பாஷையைப் படிச்சா சம்பளம் யாரு கொடுப்பா?" என்று கேட்டார். கேலிதான். ஆனால் கல்லூரியிலும் அதே கேள்வி அப்போது எழுந்துவிட்டிருந்தது. வெள்ளைக்காரன் போன பிறகு லத்தீன் படிக்க ஆள் வரவில்லை. வகுப்பில் ஐந்து பேர் மூவரானார்கள். அடுத்த ஆண்டு ஒருவன். அவன் போனதும் பாடத்தையே எடுத்துவிடப் போவதாகவும், ஆராய்ச்சிப் பட்டம் ஒன்று இருந்தால் அத்தானைச் சரித்திரப் பிரிவில் வைத்துக்கொள்ளலாம் என்றும் கல்லூரித் தலைவர் சொல்லிவிட்டார். வெளிநாட்டுக்குப் போய் அந்தப் பட்டத்தை வாங்க, அங்கே காட்டுவதற்கு அத்தானிடம் புதிதாக ஏதாவது இருக்க வேண்டும். போடியில் என்ன இருக்கிறது என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

இருந்தது. அது அம்மாவின் கழுத்தில் தொங்கியது.

குரங்கணிக்கு மேலே எங்கள் தோட்டத்தில் முதன்முதலாக ஏலச்செடி நடக் குழி வெட்டியபோது என் தாத்தா கண்டெடுத்த பொன்காசு அது. மேலே ஒரு வளையம் பற்றவைத்துக் கயிற்றில் கோத்திருந்தார்கள். ஒரு பக்கம் ஒரு முகம், தலையைச் சுற்றி முடி. மறுபக்கம் கையில் கிளையோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். தாத்தாவுக்கு எழுத்து வாசனை கிடையாது. முள்முடி சூடிய ஆண்டவர், பின்னால் மாதா என்று பார்த்தவுடனே முழங்காலில் விழுந்துவிட்டாராம். அதன் பிறகு எங்கள் வீட்டில் அதற்கு 'ஆண்டவர்' என்றே பெயர். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அதைத் தண்ணீரில் போட்டுக் கொடுப்பார்கள். பிரசவத்துக்குக் கழுத்தில் கட்டுவார்கள். இரவு செபம் முடிந்ததும் வரிசையாக வந்து அதற்கு உதடு வைத்து முத்தி செய்துவிட்டுத்தான் படுப்போம். என் அப்பாவின் கடைசி மூச்சு அதன் மேல்தான் பட்டது. "ஆண்டவருக்குத் தாடி எங்கம்மா?" என்று நான் சிறுவனாக இருந்தபோது கேட்டிருக்கிறேன். "எத்தனை பேரு முத்தி செஞ்ச மொகம். தாடி தேஞ்சு போச்சு," என்றார் அம்மா. எனக்கு அது போதுமானதாக இருந்தது. விளிம்பில் இருந்த எழுத்துகள் லத்தீன் என்பதைப் பங்குச் சாமியார் ஒருவர் எப்போதோ சொல்லியிருந்தார். பூசை பாஷையில் எழுதியிருந்தபிறகு சந்தேகத்துக்கு இடம் ஏது?

அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தபோது அம்மா அந்தக் கயிற்றைக் கழற்றி அவள் கழுத்தில் கட்டினார். அத்தான் அப்போதுதான் அதை வெளிச்சத்தில் பார்த்தார். அம்மா கோயிலுக்குப் போயிருந்த ஒரு பகல் வேளை அது. அக்காவின் கழுத்திலிருந்து கழற்றாமலே, குனிந்து நின்று, வெள்ளித்தாளில் பதிவெடுத்தார். பிறகு விளிம்பின் எழுத்துகளை எனக்கு ஒவ்வொன்றாகக் காட்டிச் சொன்னார். மறுவாரமே அதைச் சென்னைக்குக் கொண்டுபோய், அங்கே வந்திருந்த ஒரு வெளிநாட்டுப் பேராசிரியரிடம் காட்டினார். காசு ரோம் நாட்டுக் காசு. இவை வேறு இடங்களில் பானை பானையாக அகப்பட்டிருக்கின்றன. ஆனால் மலைச்சரிவில், மேற்குக் கடற்கரையிலிருந்து கணவாய் ஏறிவரும் தடத்தில், இன்ன குழியில் கிடைத்தது என்று சொல்லக்கூடிய காசு அபூர்வம். அந்த வழியாக மிளகு போனதற்கு அது சாட்சி. பேராசிரியர் ஆர்வம் கொண்டார். வெள்ளித்தாள் போதாது, காசைக் கொண்டுவா, கிடைத்த இடத்தின் படத்தையும் கொண்டுவா, பிறகு உனக்கு என் பல்கலைக்கழகத்தில் இடம் கேட்கிறேன் என்றார்.

அம்மா மறுக்கவில்லை என்பதை நான் சொல்லியாக வேண்டும். "பூசை பாஷை படிச்ச சீமை சாமியாரு பாக்கணும்கிறாரா? பாக்கட்டும்," என்றார். பேராசிரியரைச் சாமியார் என்றே அவர் புரிந்துகொண்டார். பிள்ளை நல்லபடி பிறந்து, ஞானஸ்நானமும் முடிந்த பிறகு எடுத்துப்போகலாம் என்பது ஏற்பாடு. பிள்ளையும் நல்லபடியாகவே பிறந்தது, பெண்.

ஞானஸ்நானத்தன்று விருந்துக்கு வீடு நிறைய ஆட்கள். ராவுத்தரும் வந்திருந்தார். சாப்பாடு முடிந்து வெற்றிலை வந்த நேரத்தில் அம்மா காசை அத்தானின் கையில் வைத்தார். "நாளன்னைக்குக் கொண்டுபோயிருவீங்க மாப்ள. அதுக்கு முன்னாடி எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டுங்க. என்னதான் எழுதியிருக்கு?"

அத்தான் காசைக் கட்டைவிரலால் திருப்பித் திருப்பி லத்தீனில் வாசித்தார். கோயிலில் கேட்கிற அதே ஓசை. உட்கார்ந்திருந்த இரண்டு மூன்று பேர் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

"அர்த்தம் சொல்லுங்க."

"தெய்வத்தின் மகன்னு எழுதியிருக்கு அத்தை."

அம்மா முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். "நான் சொல்லல? தேவகுமாரன். எங்க மாமனாரு ஒத்தை எழுத்துப் படிக்காமலே கண்டுபிடிச்சாரே." ராவுத்தரும் மனம் நெகிழ்ந்து, "பத்திரமா எடுத்து வைங்க ஆத்தா, கூட்டத்துல கைமாறிரும்," என்றார்.

அவர் சொன்ன மொழிபெயர்ப்பில் பிழை ஒன்றும் இல்லை. காசில் அப்படித்தான் இருந்தது. அதோடு வெற்றிலையை மடித்து வாயில் போட்டிருந்தால் எல்லாம் நடந்திருக்கும்: காசு சென்னைக்குப் போயிருக்கும், அவர் கப்பல் ஏறியிருப்பார், திரும்பிவந்து சரித்திரப் பேராசிரியராக ஓய்வு பெற்றிருப்பார். ஆனால் அவருடைய தொண்டை ஏறி இறங்குவதை நான் பார்த்தேன்.

"ஆனா ஒரு விசயம் அத்தை. அந்த மகன் வேற."

"வேறன்னா?"

"இது ஆண்டவரில்ல. ரோம் தேசத்தை ஆண்டவன். செத்துப்போன பழைய ராசாவைத் தெய்வம்னு அங்க அறிவிச்சிருந்தாங்க. இவரு அவரோட வளர்ப்பு மகன். அதனால தெய்வத்தின் மகன்னு காசுல போட்டுக்கிட்டாரு. தலையில இருக்கது முள்ளு இல்ல, ஜெயிச்சவங்களுக்குச் சூட்டுற இலை மாலை."

"அப்ப மாதா?"

"இவரோட அம்மான்னு சிலபேரு சொல்றாங்க. நிச்சயமாத் தெரியல." அந்த இடத்திலும் 'நிச்சயமாத் தெரியல' என்று சேர்த்துக்கொள்ள அவருக்குத் தோன்றியது பாருங்கள்.

அம்மா காசைக் குனிந்து பார்த்தார். "எந்தக் காலத்து ராசா?"

அத்தானின் முகத்தில், இல்லாத கையைக் காட்டியபோது வந்த அதே வெளிச்சம் வந்தது. அவர் கண்டுபிடித்ததிலேயே உயர்ந்ததை அம்மாவுக்குக் கொடுக்கப் போவதாகத்தான் நினைத்தார். "ஆண்டவரைச் சிலுவையில அறைஞ்சப்ப இவருதான் அத்தை ராசா. யோசிச்சுப் பாருங்க. அவரு நடமாடின காலத்துல அடிச்ச காசு, கடல் தாண்டி, மலை ஏறி, நம்ம தோட்டத்துல வந்து கெடந்திருக்கு."

ராவுத்தர் எழுந்து வெளியே போய்விட்டார்.

"உங்க மாமா கடைசியா முத்துனது இந்த மூஞ்சியைத்தானா?" என்று கேட்டார் அம்மா. குரலில் கோபம் இல்லை. காசை அத்தானின் கையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு, "பூசை பாஷையில பொய் எழுதுவாங்களா மாப்ள?" என்று மறுபடி கேட்டார்.

"எல்லாப் பாஷையிலயும் எழுதுவாங்க அத்தை."

மறுநாள் நாங்கள் காசு கிடைத்த குழியைப் படம் எடுக்கப் போனோம். இரவல் வாங்கிய காமிரா. ராவுத்தரின் பழைய பட்டாள ஜீப்பு. குரங்கணியில் ஜீப்பை நிறுத்திவிட்டு மேலே நடந்தோம். அட்டை கடித்த இடங்களை நான் எண்ணிக்கொண்டு வந்தேன். அத்தான் அவற்றைக் கவனிக்கவே இல்லை. தோட்டத்தின் மேல் மூலையில், தாத்தா அடையாளத்துக்கு நட்டு வைத்த கல் இன்னும் நின்றது. அத்தான் கல்லைச் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்தார். பிறகு மேற்கே, மேகம் அடைத்துக் கிடந்த கணவாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். காசை யாரோ ஒருவன் மடியிலிருந்து தவறவிட்டிருக்க வேண்டும், அவன் எத்தனை தூரம் போனபிறகு மடியைத் தொட்டுப் பார்த்திருப்பானோ என்றார். "திரும்பித் தேடி வந்திருப்பான் மச்சான். இந்தப் புதருக்குள்ள எங்க தேடுறது?" அவனுக்காக நிஜமாகவே வருத்தப்பட்டார். "வாத்தியாரே, வெரசா வாங்க, மழை வருது," என்று ராவுத்தர் கீழிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

இருட்டுவதற்கு முன் வீட்டுக்கு வந்துவிட்டோம். புறக்கடையில் கரி கொட்டிய தடமும், ஊதிய சாம்பலும் கிடந்தன. அக்கா எங்களைப் பார்த்ததும் சமையல்கட்டுக்குள் போய்விட்டாள். அம்மா பிள்ளையைக் கொண்டுவந்து அத்தானின் மடியில் வைத்தார். அதன் இரண்டு கைகளிலும் புதிய பொற்காப்பு.

"ஆசாரியை வீட்டுக்கே வரச் சொல்லிட்டேன். ஒரு பவுனுக்குச் சித்த குறையுதுன்னான். பரவால்ல, பச்சைப்பிள்ளை கைக்குத் தாங்கும்னு சொல்லிட்டேன்," என்றார். பிறகு, "நல்ல தங்கம் மாப்ள. அது மேல பழி இல்ல," என்றார்.

அதுவரை வீட்டில் எத்தனையோ கஷ்டம் வந்திருக்கிறது. மழை பொய்த்து ஏலம் கருகிய வருடங்களில் வீட்டுத் தங்கம் அத்தனையும் அடகுக்கும் உலைக்கும் போயிருக்கிறது. அந்தக் காசை மட்டும் யாரும் நினைத்துப் பார்த்ததுகூட இல்லை, அது ஆண்டவர் என்பதால். தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்ட வரைக்கும் அதற்கு ஆபத்து இருக்கவில்லை. சரியாக வாசிக்கப்பட்ட மறுநாள் அது வெறும் தங்கமாகிவிட்டது. அத்தான் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்து, காப்பைக் கட்டைவிரலால் மெல்லத் திருப்பினார். முதல் நாள் விருந்தில் காசைத் திருப்பிய அதே மாதிரி. ஒரு சுற்று முழுவதும் திருப்பிவிட்டு, இன்னொரு சுற்றும் திருப்பினார்.

வெள்ளித்தாளையும் கல்லின் படத்தையும் வைத்து அவர் எழுதிய கட்டுரை, பொருளைப் பார்க்காமல் எதுவும் சொல்வதற்கில்லை என்ற மரியாதையான மறுப்போடு திரும்பி வந்தது. கல்லூரியில் லத்தீனை எடுத்துவிட்டார்கள். அத்தான் தகரப்பெட்டியோடு போடிக்கு வந்து எங்கள் கடையில் உட்கார்ந்தார். வெளிநாட்டுக்குப் போகும் ஏலக்காய்ப் பெட்டிகளின் மேல் ஆங்கிலத்தில் ஊர்ப்பெயர் எழுதுவது அவர் சோலி. அழகாக எழுதுவார், கல்லில் வெட்டியது போல ஒவ்வொரு எழுத்தும் நிமிர்ந்து நிற்கும். சுமைக்காரர்கள் அவரை 'லத்தீன் சார்' என்று கூப்பிட்டார்கள், அது என்னவென்று தெரியாமலே. படங்கள் இருந்த புத்தகங்களைச் செல்லு தின்றது. முழுதாக இருந்த சிலைகளுக்கும் கை போனது. அதைப் பார்த்து அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

சில வருடங்கள் கழித்து அம்மா படுக்கையில் விழுந்தார். நினைவு தப்பித் தப்பி வந்தது. ஒரு பகல்வேளை கண்ணைத் திறந்து, தெளிவாக, "அந்த ஆண்டவரைக் கொண்டா," என்றார். உருக்கியதை மறந்துவிட்டிருந்தார். அக்கா என்னைப் பார்த்தாள். பிள்ளை கையில் காப்பும் இல்லை. சின்னதாகிவிட்டதென்று அதையும் அழித்துத் தோடு செய்தாகிவிட்டது. நான் சுவரிலிருந்த பாடுபட்ட சுரூபத்தை, சிலுவையில் தொங்கும் ஆண்டவரை, எடுத்துக் கொடுத்தேன். அம்மா தலையை ஆட்டி விலக்கினார். "அது இல்ல. தாடி தேஞ்சவரு."

அத்தான் எழுந்து போய்த் தகரப்பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. வெள்ளித்தாளைக் கொண்டுவந்து, இரண்டு விரலால் விளிம்பைப் பிடித்து, அம்மாவின் கண்ணுக்கு முன்னால் காட்டினார். அவருடைய இத்தனை வருடப் படிப்பில் அவரிடம் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். விரல் பட்டாலே நசுங்கும் என்று எங்களை ஒருநாளும் தொட விட்டதில்லை.

"என்ன எழுதியிருக்கு மாப்ள?"

"தெய்வத்தின் மகன்னு எழுதியிருக்கு அத்தை."

அவருடைய தொண்டை ஏறி இறங்கியது. நான் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் வாயைத் திறக்கவில்லை. தாளை அம்மாவின் உதட்டில் வைத்தார். அம்மா அழுத்தி முத்தி செய்தார். எடுத்தபோது அதில் மூக்கு இல்லை, முடியில் பாதி இல்லை. அன்று சாயங்காலம் அம்மா போய்விட்டார்.

அடக்கம் முடிந்து வந்ததும் அத்தான் தாளை என்னிடம் கொடுத்தார். "நீங்க வச்சுக்கங்க மச்சான். எனக்கு இனிமே வேலைக்காகாது," என்றார். அதன்பிறகு அவர் இருந்த காலம் முழுவதும் பெட்டிகளின் மேல் எழுதிய ஊர்ப்பெயர்களைத் தவிர அவர் வாசித்தோ எழுதியோ நான் பார்க்கவில்லை. கோயிலில் பூசை தமிழுக்கு மாறிய ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சந்தோஷமாகப் பதில் சொன்னார்கள். அவர் மட்டும் வாயை மூடிக்கொண்டு நின்றார்.

இப்போது அவரும் இல்லை, அக்காவும் இல்லை. அந்தப் பிள்ளை வேறு தேசத்தில் பாட்டியாகிவிட்டாள். தோடு எங்கே என்று கேட்டால், எந்தத் தோடு என்கிறாள். எனக்குப் பிறகு இந்தத் தாள் குப்பைக்குத்தான் போகும். அதை நினைத்து எத்தனை கவலைப்பட்டாலும் செய்வதற்கு ஒன்றுமில்லை. இருபத்து நான்கு எழுத்துகளில் நான்கு மிச்சம் என்று சொன்னேன். அவை எந்தச் சொல் என்று எனக்குத் தெரியும். பதிவெடுத்த அன்று அத்தானே விளிம்பைச் சுற்றி ஒவ்வொன்றாகக் காட்டிச் சொல்லியிருக்கிறார். மகன் என்பதற்கு அதில் சுருக்கமாக ஒரே ஓர் எழுத்துதான், அது போய்விட்டது. 'தெய்வத்தின்' என்பது மட்டும் நிற்கிறது. அதற்கு அடுத்து வெறும் தாள்.